மூன்றாம் மாடியில் பொங்காதிருந்த பால்

எல்லா உலகங்களையும் தன் வீடாகக் கொண்டிருந்தும் திருவோட்டை ஏந்தி வாயில்தோறும் நின்ற பெருமானை முன்னே நிறுத்தி, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் மழையும் முதியவர்களும் மட்டும் மிகுதியாய் எஞ்சிய ஒரு ஜெர்மானிய நகரத்திலே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வீடு தேடிய வரலாற்றையும், தேடிக் கண்ட வீட்டிலே அவர்கள் அடுப்பேற்றிய பால் பல்லாண்டு பொங்காதிருந்த வரலாற்றையும் சொல்லுகிறேன். கேட்பவர்கள் பாலைக் குறித்து வியப்படைய வேண்டியதில்லை. அந்த நகரத்தில் வாழ்ந்த நாங்கள் ஒருவரும் வியப்படையவில்லை.

குலசிங்கமும் அவர் மனைவி கமலலோசனியும் அவர்களுடைய சிறுமகள் நிதர்சனாவும் அந்நகரத்துக்கு வந்து இறங்கியது, குலசிங்கத்தின் தமையனார் பரராசசிங்கம் முன்னரே அங்கு வந்து, ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவி, அந்த உழைப்பையெல்லாம் அவர்களை அழைப்பிப்பதற்கே செலவிட்டதனால். உணவகத்தின் மேலே, கூரைச் சரிவின் கீழ், சிறுமி ஒருத்தி மட்டுமே நிமிர்ந்து நிற்கக்கூடிய அறையொன்று அவருக்கு இருந்தது. அதைத் தம்பி குடும்பத்துக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, தாம் கீழே உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கிய களஞ்சியத்திலே பாய் விரித்தார். திருமணம் செய்யாதவர், செய்துகொள்ளும் வயதில் தம்பியைப் படிப்பித்தவர், நெற்றியில் நீறில்லாமல் தண்ணீர் குடியாதவர்.

அந்நாட்டு மொழி அவருக்கு, கழுவும் தொட்டியருகே நின்றவர் காதில் விழுந்த அளவுக்கு வந்திருந்தது. சமையற்காரனின் வசைகளையும் காய்கறிகளின் பெயர்களையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய சொற்களைக் கோத்து அவர் ஒரு வாக்கியம் செய்தார். நாங்கள் நால்வர், அமைதியானவர்கள், வாடகை தவறாதவர்கள், எங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்பது அந்த வாக்கியம். தேவாரப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பண் சொல்லிக் கொடுப்பதைப்போல அவர் அதைத் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் ஏற்ற இறக்கத்தோடு பாடஞ் சொல்லிக் கொடுத்தார். கமலலோசனி பேருந்திலும் குளியலறையிலும் கண்களை மூடி அதை உருப்போட்டாள். பொருள் தெரியாமல் ஓதினாலும் பலன் உண்டு என்று அவள் மந்திரங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள்.

அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவர்கள் நால்வரும் அந்த நகரத்தின் படிகளையெல்லாம் ஏறினார்கள். கதவு திறக்கும், வாக்கியம் சொல்லப்படும், நால்வர் என்ற சொல் வரும்போது வீட்டுக்காரரின் கண்கள் இவர்களுடைய முகங்களின்மேல் ஒவ்வொன்றாய் இறங்கும், பிறகு ஏதோ ஒரு கேள்வி வரும். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்பால் அவர்களிடம் வேறு வாக்கியம் இல்லாமையால், எந்தக் கேள்விக்கும் மறுமொழியாகத் தொடக்கத்திலிருந்து அதையே மீண்டும் சொல்லுவார்கள். அப்போது வீட்டுக்காரர் ‘நைன்’ என்பார். இல்லை என்று பொருள்படும் அந்தச் சொல்லை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

“நாலு எண்டால் இவையளுக்கு நாப்பது எண்டு விளங்குது போல,” என்பார் பரராசசிங்கம், படியிறங்கும்போது. “அல்லது என்ர முகத்தைப் பார்த்துப் பயப்பிடுகினமோ தெரியாது. பிள்ளை, நாளைக்கு நான் சவரம் செய்துகொண்டு வாறன்.”

“நீங்கள் சவரம் செய்தால் வயது குறையுமே தவிர ஆள் குறையாது, அத்தான்,” என்றாள் கமலலோசனி ஒருநாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுடைய நெஞ்சில் இறங்கி, விதைபோல் அங்கே கிடந்தது.

அதன் பின்னர்தான் ஹோல்ட்டர் என்னும் அம்மையாருடைய வீட்டின் மூன்றாம் மாடி வெறுமையாய் இருப்பதாகத் தெரியவந்தது. கூரைக்குக் கீழ் நிமிர்ந்து நின்ற குழந்தையும் வளர்ந்து, அவள் தோளும் வளையத் தொடங்கியிருந்த காலம். தெருமுனையில் பேருந்தை விட்டிறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

கமலலோசனி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, “அத்தான், இண்டைக்கு நீங்கள் கீழ நில்லுங்கோவன்,” என்றாள்.

பரராசசிங்கம் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தம்பி செருப்பைப் பார்த்தான்.

“அதுவும் சரிதான்,” என்றார் அவர். “மரத்துக்குக் கீழ நிக்கிறன். வாக்கியம் ஞாபகம்தானே? நடுவில மூச்சு விடாதை பிள்ளை. மூச்சு விட்டால் அவையள் இடையில கேள்வி கேட்பினம்.”

மேலே, வெறுமையான கூடத்தின் நடுவே, கமலலோசனி வாக்கியத்தைச் சொன்னாள். நால்வர் என்ற இடத்தில் மூவர் என்று சொன்னாள். விரல்களையும் மூன்றாய்க் காட்டினாள். ஹோல்ட்டர் அம்மையார் மூன்று விரல்களையும் பார்த்துவிட்டு, ஜன்னலருகே சென்று, அதைத் திறந்து, மழை வலுக்கிறதா என்று அறிபவர்போல் கையை வெளியே நீட்டினார். பிறகு கீழே மரத்தடியைக் காட்டி நீளமாய் ஏதோ கேட்டார். அந்த நீளத்தில் முதற்பகுதி கமலலோசனிக்கு விளங்கிற்று. விரல் சுட்டும் திசையும் புருவம் உயரும் அளவும் எந்நாட்டு மொழியிலும் ஒன்றே. அந்த மனிதர் உங்களைச் சேர்ந்தவரா என்றுதான் அவர் கேட்டார். மீதிப் பகுதி விளங்கவில்லை. விளங்கிய பகுதிக்கு அவள் விடை சொன்னாள். கதவுகள்தோறும் தனக்குச் சொல்லப்பட்ட சொல்லையே சொன்னாள்.

“நைன்.”

அம்மையார் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, சாவியைக் கொடுத்தார்.

கீழே பரராசசிங்கம் தோள்கள் நனைந்து நின்றார். சாவியைக் கண்டதும் அவர் முகம் முழுதும் சிரித்தது. “கிடைச்சிட்டுதோ? நாலு பேர் எண்டு கேட்டும் தந்தவவோ?”

“அதைப் பிறகு சொல்லலாம், அத்தான். முதல்ல உள்ளுக்குப் போவம்.”

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போகவில்லை. ஆனால் அது கண்களைவிட்டு இறங்கி வாயளவில் நின்றது. “ஓமோம். பிறகு சொல்லலாம். நீங்கள் பாலைக் காய்ச்சுங்கோ. பொங்கின உடன நான் என்ர பெட்டியைக் கொண்டு வாறன். பால் பொங்காத வீட்டுக்குள்ள பெட்டி வைக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை.”

நல்ல நாள் பார்க்கப்பட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் எங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்து முறைப்படி அழைத்தார்கள். பழைய அச்சுக்கூடம் ஒன்றை நாங்கள் வாங்கிக் கோயிலாக்கியிருந்த காலம் அது. கோயிலுக்கு வரும் குடும்பங்கள் ஒன்றையும் அவர்கள் விடவில்லை. பரராசசிங்கத்தின் களஞ்சியத்துக்கு மட்டும் தாம்பாளம் போகவில்லை. வீட்டு மனிதருக்கு அழைப்பு எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். எங்களிலும் ஒருவர்கூட அதைக் குறையாகக் கருதவில்லை. நம்மவர்க்கு அழைப்பு வைப்பது அவரை அயலாராக்குவது என்பது நம்முடைய எண்ணம். அன்று அவர் வரவில்லை. உணவகத்தில் வேலை என்று சொல்லியிருந்தார்.

புதுப் பித்தளைப் பானை, மஞ்சளும் மாவிலையும் கழுத்திற் கட்டி, மின்னடுப்பின் வட்டத்தின்மேல் ஏற்றப்பட்டது. பால் சூடேறியது, ஓரத்தில் முத்து முத்தாய்க் குமிழி கட்டியது, ஆவி எழுந்தது, வாசனை வந்தது. அரோகரா என்ற சொல் எல்லார் வாயிலும் திரண்டு நின்றது. பால் அங்கேயே நின்றது. பொங்கவுமில்லை, வற்றவுமில்லை, அடிப்பிடிக்கவுமில்லை. கொதிக்கும் நிலைக்கும் பொங்கும் நிலைக்கும் இடையே ஒரு நூலளவு இடம் உண்டல்லவா, அந்த நூலின்மேல் அது தவஞ்செய்வதுபோல் அமர்ந்துவிட்டது.

“பெட்டிப் பால் அப்பிடித்தான்,” என்றார் எங்கள் கோயில் தலைவர் விசுவலிங்கம். “புல்லுக் காணாத மாட்டின்ர பால். அதுக்கு எங்கை பொங்கத் தெரியும்?”

“எங்கட வீட்டிலையும் இதே கடைப் பால்தான் அண்ணை,” என்றாள் ஒருத்தி. “நிலமெல்லாம் வழிஞ்சு, பிறகு துடைச்சுத் துடைச்சு என்ர நாரியெலும்பு முறிஞ்சது.”

“அடுப்பு ஈசானத்தில எல்லோ இருக்கு. அதுதான் பிழை.”

“அப்பிடியெண்டால் இந்தத் தெருவில ஒரு வெள்ளைக்காரரும் தேத்தண்ணி குடியேலாது.”

குருக்கள் ஐயா எல்லாரையும் கையமர்த்தி, பொங்குமுன் பாலை இறக்குவது ஆகாது, பொங்கும்போது பொங்கட்டும் என்று சொல்லி, அவசரமான வேறொரு பூசைக்குப் புறப்பட்டார். நாங்கள் வடையை உண்டு, ஆசி கூறி, வீடு திரும்பினோம். மறுநாளும் பால் அப்படியே இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே இருந்தது. கட்டடத்தின் மின்பணியாளர் ஒருவர் வந்து, அடுப்பை அணைத்து, சுவரில் இருந்த இணைப்பையும் கழற்றிப் பார்த்தார். பால் ஆவி விட்டபடி இருந்தது. அவர் ஆவியின்மேல் உள்ளங்கைகளைக் காட்டிக் குளிர் தீரக் காய்ந்துவிட்டு, கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

அப்படியாக அந்தப் பால் அந்த நகரத்தின் வாழ்க்கையோடு சேர்ந்துகொண்டது. இரண்டாம் மாடியில் குடியிருந்த எமினே என்னும் துருக்கிப் பெண்மணி, ரொட்டிக்குப் பிசைந்த மாவைத் துணிபோட்டு மூடிக் கொண்டுவந்து பானையருகே வைப்பாள். எங்கும் உப்பாத மாவு அங்கே உப்பும் என்பது அவள் கண்டது. சுரங்கத்தில் வேலைசெய்து நெஞ்சு கரியான முதியவர் ஒருவர் மாலைதோறும் வந்து அந்த ஆவியை முகர்ந்து இருமலைத் தணித்துக்கொண்டு, தொப்பியைத் தூக்கி வணங்கிப் போவார். எங்கள் பெண்கள் தடிமனும் சளியும் பிடித்த குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். தேர்வெழுதும் பிள்ளைகள் வந்து கும்பிட்டார்கள். புதிதாய் நாட்டுக்கு வருபவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனபின், அந்த வீட்டுக்கும் அழைத்துப் போய்ப் பாலைக் காட்டுவது முறையாயிற்று. வருபவர்களும் எட்டிப் பார்த்து, “ஓம், கொதிக்குது,” என்று சொல்லி, வேலை எங்கே கிடைக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்களோ, இருந்தும் குடிபுகாதவர்களாய் இருந்தார்கள். பால் பொங்குமுன் புதுவீட்டில் வேறொன்றும் சமைக்கலாகாது. ஆகவே கமலலோசனி சிறு அடுப்பொன்றை வாங்கிப் பல்கனியில் வைத்து, மழையில் குடைபிடித்துக்கொண்டு சோறு வடித்தாள். பல்கனி வீட்டுக்குள் சேர்த்தியில்லை என்று விசுவலிங்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தார். சுவரில் ஆணி அறையவில்லை. சுவாமிப் படம் நிலத்தில் சாய்ந்தபடி பூப் பெற்றது. பெட்டிகள் பிரிக்கப்படவில்லை, வேண்டிய உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, தோய்த்து, மறுபடி பெட்டியில் வைத்தார்கள். நிதர்சனா இதையே உலக வழக்கு என்று எண்ணி வளர்ந்தாள். பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு முதன்முதல் போனவள், சமையலறையை எட்டிப் பார்த்து, “உங்கட பால் எங்கை?” என்று கேட்டாளாம்.

ஞாயிறுதோறும் பரராசசிங்கம் வருவார். மூன்று மாடியும் ஏறி வந்து, கதவு நிலைக்கு வெளியே, படிக்கட்டின் மேற்படியில் அமர்வார். உள்ளே வரமாட்டார்.

“பால் பொங்கீட்டுதோ, பிள்ளை?”

“இல்லை, அத்தான்.”

“பொங்கும். பொங்கின உடன சொல்லு. பெட்டி கட்டினபடிதான் கிடக்கு.”

கமலலோசனி வாழையிலைக்குப் பதிலாய்த் தட்டில் சோறிட்டு வாசல் நிலையைத் தாண்டி நீட்டுவாள். அவர் படியிலிருந்தே உண்பார். தம்பி நிலைக்கு உள்ளே அமர்ந்து உண்பான். மாடியேறுபவர்கள் அவரைச் சுற்றி வழிவிட்டு நடந்து, நல்ல பசியாறுதல் உண்டாகட்டும் என்று தங்கள் மொழியில் வாழ்த்திப் போவார்கள். எமினே அவருக்கொரு சிறு மெத்தை தைத்துக் கொடுத்தாள். வீட்டுக்குள் வராத மனிதர், பொங்காத பால், இரண்டையும் அந்தக் கட்டடம் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. அடியவர்க்கு அமுதிடாமல் தாம் உண்ணாதவர்களின் வரலாறுகளைப் படித்துக் கண்ணீர் விடுகின்ற நாங்களும், அந்தப் படியில் அவர் கைகழுவ இடமின்றித் தண்ணீர்க் கோப்பையில் விரல் நனைப்பதைப் பார்த்தபடி, அவரைக் கடந்து போய்ப் பாலைக் கும்பிட்டோம்.

ஒருமுறை குலசிங்கம் பொறுக்கமாட்டாமல் எழுந்து, தமையனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “வாங்கோ அண்ணை. பாலும் மண்ணும். இது உங்கட வீடு.”

பரராசசிங்கம் கைபிடிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். “விடடா தம்பி. சட்டம் பிடுங்குப்பட்டால் வீட்டுக்காரி உன்னட்டைத்தான் கேட்பா.” பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, “முருங்கைக்காய் நல்லாயிருக்கு பிள்ளை. இன்னும் ரெண்டு துண்டு போடு,” என்றார்.

ஹோல்ட்டர் அம்மையார் குளிர்காலந்தோறும் வெப்பமூட்டியைப் பார்க்க வருவார். பானையைப் பார்ப்பார், படியையும் பார்ப்பார். “இன்னுமா?” என்று மட்டும் கேட்பார். கமலலோசனி அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டாள். பிறகு வேறு சொற்களையும் கற்றாள். பள்ளிக்கூடமொன்றில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய், பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசுவதிலிருந்தும் ஆசிரியர்கள் அவர்களைச் சமாதானப்படுத்துவதிலிருந்தும், அந்த மொழி அவளுக்குள் கல்மேல் கல்லாய் எழும்பியது. அவள் கற்ற சொற்கள் பெருகப் பெருக, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாதிருப்பது கடினமாயிற்று. முதலில் மொழி இல்லை என்பது காரணமாயிருந்தது. மொழி வந்தபின், இவ்வளவு காலம் சென்றுவிட்டதே என்பது காரணமாயிற்று. பொய் சொன்னவர்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதும் ஒரு காரணமாயிற்று. காரணங்கள் பானையிலிருந்த பாலைப்போல் குறையாமலே இருந்தன.

பரராசசிங்கத்தின் முழங்கால்கள் தேய்ந்தன. அவர் முதலாம் மாடியில் ஒருமுறை இருந்து, இரண்டாம் மாடியில் எமினே தரும் தேநீரைக் குடித்து, பிறகு மூன்றாம் மாடிக்கு வந்தார். பிறகு உணவகம் கைமாறியது. களஞ்சியத்தையும் கூரையறையையும் இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று ஆயிற்று. அந்த ஞாயிறு அவர் சோற்றை மெதுவாக உண்டுவிட்டுச் சொன்னார்:

“வடக்கை, கடல் பக்கம் ஒரு ஊரில, எங்கட ஆக்கள் வயது போனவைக்கு ஒரு இல்லம் நடத்துகினம். ஒரு கட்டில் இருக்காம். வாறன் எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த ஞாயிறு ரயில்.”

“இங்கை இருக்கலாம்தானே, அத்தான்.”

“எங்கை பிள்ளை? படியிலயோ?” என்று அவர் சிரித்தார். அவர் குற்றஞ்சாட்டவில்லை. இடம் விசாரிப்பவர் போலத்தான் கேட்டார்.

மறுநாள் கமலலோசனி வேலைக்குப் போகவில்லை. ஹோல்ட்டர் அம்மையாரின் வீட்டுக்குப் போனாள். அம்மையாரும் முதிர்ந்து, போர்வை போர்த்து, ஜன்னலருகே இருந்தார். கமலலோசனி நின்றபடியே, வாக்கியத்தை முன்கூட்டிக் கட்டிக்கொண்டு வராமல், வந்த சொற்களால் சொன்னாள்: அன்று நாங்கள் மூவர் என்றேன், அது பொய், நாங்கள் நால்வர், மரத்தடியில் நின்றவர் என் கணவருடைய அண்ணன், எங்களை இந்நாட்டுக்கு அழைத்தவர் அவர்.

அம்மையார் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“உட்காருங்கள்,” என்றார். “உங்கள் கணவருடைய நெற்றியும் அந்த மனிதருடைய நெற்றியும் ஒரே நெற்றி. எனக்குக் கண் அன்றைக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் உங்களவரா, உங்களவரானால் மேலே கூப்பிடுங்கள், நனைகிறாரே என்றுதான் கேட்டேன். நீங்கள் இல்லை என்றீர்கள். அதற்கு முன்பே நான் கையை நீட்டி அவரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் இரண்டு கையையும் சேர்த்து வணங்கினார். வரவில்லை.”

“நால்வர் என்று சொல்லியிருந்தால்?”

“என் தந்தை சுரங்கத்தில் வேலைசெய்தவர். அந்த மூன்றாம் மாடியில் நாங்கள் ஒன்பது பேர் வளர்ந்தோம். நால்வருக்கு அது பெரிய வீடு.” அம்மையார் போர்வையைச் சரிசெய்தார். “நீங்கள் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு குளிர்காலமும் வந்து பார்த்தேன். ஒருவர் தம் வீட்டு மனிதரை எண்ணிச் சொல்லும்போது, பிழை என்று அயலவள் எப்படிச் சொல்ல முடியும்?”

கமலலோசனி அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தைத் தேடியெடுத்து, கடையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் வாங்கி, கணவனை உடன் வரச் சொன்னாள். களஞ்சியத்திலே பரராசசிங்கம் மூட்டைமேல் அமர்ந்து திருநீற்றைச் சலித்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தோடு இருவரும் நிற்பதைக் கண்டு எழ முயன்றார்.

“என்ன பிள்ளை, நிதர்சனாவுக்குக் கலியாணமோ?”

“இல்லை, அத்தான். எங்கட வீட்டில பால் காய்ச்சுறம். நீங்கள் வரவேணும்.”

அவர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உணவகத்தில் தட்டுக்கள் மோதும் ஒலி கேட்டது.

“வீட்டுக்காரி உங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டவவாம்,” என்றாள் கமலலோசனி. “அண்டைக்கு.”

“ஓம். கண்டனான்.”

“கண்டுமோ வரேல்லை?”

“அவ கூப்பிட்டு வாறதுக்கு நான் என்ன அவவின்ர மச்சானோ?” என்றார் பரராசசிங்கம். “வீட்டு ஆக்கள் கூப்பிடுவினம் எண்டு நிண்டனான். மழை பெரிசாத்தான் பெய்தது.” பிறகு வெற்றிலையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “சரி. வேட்டி மாத்திக்கொண்டு வாறன்.”

அவர்கள் மூவரும் அந்தக் கட்டடத்தின் வாயிலை அடைந்தபோது வீட்டில் நிதர்சனா மட்டும் இருந்தாள். படிப்பு முடித்து வேலைக்குப் போகும் பெண்ணாய் அவள் வளர்ந்திருந்தாள். அவர் முதற்படியில் கால் வைத்ததும் பானையில் ஓரத்துக் குமிழிகள் நடுவை நோக்கி நகர்ந்தன என்று அவள் பின்னர் எங்களுக்குச் சொன்னாள். அவர் முதலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது பாலின்மேல் ஒரு வெண்ணிற ஆடை சுருங்கி விரிந்தது. இரண்டாம் மாடியில் எமினே தேநீரோடு கதவைத் திறந்தபோது, அவர் கையால் மறுத்து, இன்றைக்கு மேலே குடிக்கப் போகிறேன் என்று சைகை காட்டினார். அப்போது நுரை பானையின் கழுத்தளவு வந்தது. மூன்றாம் மாடியில் அவர் நின்றார். கமலலோசனி முன்னே ஓடி, நிலைக்கு உள்ளே போய்த் திரும்பி நின்று, இரு கைகளையும் கூப்பி, “வாங்கோ அத்தான்,” என்றாள். அவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பால் பொங்கிற்று.

கிழக்கே வழிந்தால் நன்று, வடக்கே வழிந்தால் செல்வம் என்றெல்லாம் பார்ப்பது நமது வழக்கம். அன்று அது நாற்புறமும் வழிந்தது. அரோகரா சொல்ல அங்கே எங்களில் ஒருவரும் இருக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று வீட்டார்க்கும் தோன்றவில்லை. குலசிங்கம் சுவரோடு சாய்ந்து சிறுபிள்ளையைப்போல் அழுதார்.

முதற் கிண்ணத்தைக் கமலலோசனி பரராசசிங்கத்துக்குக் கொடுத்தாள். அவர் கூடத்தின் நடுவே, உள்ளே வந்து அமர்ந்தவராய், ஊதி ஊதிக் குடித்தார். ஜன்னலை எட்டிப் பார்த்து, “இங்கையிருந்து மரம் சின்னனாத்தான் தெரியுது,” என்றார். சாய்ந்து கிடந்த சுவாமிப் படத்தை எடுத்து, எந்தச் சுவர் என்று தம்பியைக் கேட்டு, ஆணியை அவரே அறைந்தார்.

“பெட்டியை நான் எடுத்துவாறன் பெரியப்பா,” என்றாள் நிதர்சனா. “என்ர அறை உங்களுக்கு.”

“வேண்டாம் குஞ்சு. அந்த இல்லத்தில வாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். காத்துக்கொண்டிருப்பினம்.”

“அத்தான், நான் வீட்டுக்காரியிட்டைச் சொல்லீட்டன். நாலு பேர் எண்டு சொல்லீட்டன்,” என்றாள் கமலலோசனி. “இருங்கோ. எங்களுக்காக இருங்கோ.”

பரராசசிங்கம் கிண்ணத்தை நிலத்தில் வைத்தார்.

“கோபத்தில போகேல்லைப் பிள்ளை. கோபமெண்டால் ஒவ்வொரு ஞாயிறும் முருங்கைக்காய்க்கு வந்திருப்பனோ? உள்ளுக்கு வரவேணும் எண்டு ஆசையிருந்த காலத்தில முழங்காலும் இருந்தது. இப்ப மூண்டு மாடி ஏறி இறங்கேலாது. அங்கை எல்லாம் கீழ்வீடு.” பிறகு சொன்னார்: “பெட்டியைப் பற்றி நான் பொய் சொன்னனான். அது கட்டினபடி கிடக்கேல்லை. முதல் வருசம் கட்டினபடி இருந்தது. பிறகு அவிட்டிட்டன்.”

ஞாயிறன்று அவரை ரயிலேற்ற நாங்கள் எல்லாரும் போனோம். அவர் நன்றாக உடுத்து, நன்றாக நீறு பூசி, எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார், விசுவலிங்கத்தைப் பார்த்து, “பல்கனி வீட்டுக்குள்ள சேர்த்தியோ இல்லையோ எண்டு இனி ஆருக்குத் தீர்ப்புச் சொல்லுவாய்?” என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். ரயில் போயிற்று. திரும்பி வரும்போது எங்களில் சிலர், பால் பொங்கிவிட்டதே என்று உண்மையாகவே வருந்தினோம். இனிப் புதிதாய் வருபவர்களுக்கு எதைக் காட்டுவது என்று ஒருவர் கேட்டார். எமினேயின் மாவு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. சுரங்கத்து முதியவர் வந்து, அணைந்த அடுப்பைப் பார்த்து, தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு, இருமியபடி இறங்கிப் போனார்.

கமலலோசனி அன்று வீட்டுக்குள்ளே, அந்த அடுப்பிலேயே, முதன்முதலாகச் சோறு வடித்தாள். குடை பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிகளைப் பிரித்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினாள். தட்டுகளுக்கு ஓர் அடுக்கு, சருவச் சட்டிகளுக்கு ஓர் அடுக்கு, மாவுக்கும் அரிசிக்கும் ஒரு மூலை என்று மாலைக்குள் எல்லாவற்றுக்கும் இடம் குறிக்கப்பட்டது. கடைசியாகப் பித்தளைப் பானையை எடுத்துப் புளிபோட்டு விளக்கினாள். தீய்ந்த கறை ஒன்றும் அதில் இல்லை; வாங்கிய நாளைப்போல் மின்னியது. துடைத்துக் கையில் ஏந்திக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நிதர்சனாவின் அறைக்குமாக நடந்து நடந்து பார்த்தாள். வீடு நிறைந்திருந்தது. இவ்வளவு காலத்திலும் அந்தப் பானைக்கென்று ஓர் இடத்தை அந்த வீட்டில் ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.